மண்டபத்துக்கு ஒரு பிளேயர்

நரின் ஊரில் எங்கள் கல்யாண மண்டபத்தின் மானத்தை வாங்கியது ஒரு சூதாட்ட விளம்பரம்.

ஒரு கல்யாண விருந்து. மாப்பிள்ளையின் சின்ன வயதுப் படங்களைத் திரையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். பையன் குதிரைக்குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், பூச்செண்டோடு முதல்நாள் பள்ளிக்கூடம் போகிறான். அத்தைகள் எல்லாம் உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, அரைகுறை உடையில் ஒருத்தி திரையின் குறுக்கே வந்து, பந்தயம் கட்டு, அள்ளிக்கொண்டு போ என்று கண்ணடித்துவிட்டுப் போனாள். முன்வரிசையில் பள்ளிவாசல் மௌலவி உட்கார்ந்திருந்தார். தன் தட்டில் இருந்த இறைச்சியை அவர் பார்த்த அளவு கவனமாக யாரும் பார்த்து நான் கண்டதில்லை.

நான் அனார்குல். மண்டபத்தில் ஒலிபெருக்கியும் திரையும் என் பொறுப்பு. மண்டபத்தின் சொந்தக்காரர் சோவெத் பைகே. பைகே என்றால் அண்ணன் முறை. வயதில் பெரியவர் யாரையும் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். விருந்து முடிந்ததும் நேரே என் மேசைக்கு வந்தார்.

"அனார்குல், இது கல்யாண மண்டபமா, வேற எதாச்சுமா?"

"நான் போடல பைகே. அந்த வீடியோ பிளேயர் தானா போட்டுச்சு."

"அந்த பிளேயர கம்ப்யூட்டர்ல யாரு போட்டது?"

"நீங்கதான். காசு குடுத்து வாங்க வேண்டியத எவனோ பூட்டு உடைச்சு வச்சிருக்கான்னு பஜார்லருந்து வாங்கிட்டு வந்தீங்க. அப்ப ரொம்பப் பெருமையா இருந்துச்சு உங்களுக்கு."

அவர் தலையிலிருந்த கல்பாக் தொப்பியைக் கழற்றி, தொடையில் ரெண்டு தட்டுத் தட்டி, மறுபடியும் வைத்துக்கொண்டார். தப்பு தன்பேரில் என்று தெரிந்தால் அவர் செய்வது அதுதான்.

"சரி. வேற ஒண்ணு பாரு. திருட்டுச் சரக்கு வேணாம். காசு கொடு, காசு கொடுன்னு கையேந்துறதும் வேணாம். முக்கியமா, அது தன் மூஞ்சியத் திரையில காட்டவே கூடாது. வந்தவங்க பொண்ணையும் மாப்பிள்ளையையும் பாக்க வந்திருக்காங்க. இதப் பாக்க வரல."

எனக்கு இது நியாயமாகத்தான் பட்டது. அன்றைக்கே திருட்டு பிளேயரைத் தூக்கி எறிந்துவிட்டு, கம்ப்யூட்டரோடு கூடப் பிறந்த பிளேயரையே வைத்துச் சமாளித்தேன். அது பாட்டுப் போடும், படம் காட்டும், வாய் பேசாது. போதும் என்றிருந்தேன். அசனாலி வந்து சேரும்வரைதான் அந்த நிம்மதி.

அசனாலியை இந்த ஊரில் முகம் பார்த்துத் தெரிந்தவர்களைவிடக் குரல் கேட்டுத் தெரிந்தவர்கள் அதிகம். குதிரைமேல் இருந்தபடி செத்த ஆட்டைப் பறித்துக்கொள்ளும் கோக்-போரு ஆட்டத்தில் குதிரைகள் முட்டி மோதும்போது மைக் பிடித்து நிற்பவர் அவர். மைதானத்தின் அந்தக் கோடியில் குதிரையிலிருந்து விழுந்தவனுக்கும் தன் பெயர் வசவோடு சேர்ந்து காதில் விழும். "எந்திரிடா, உன் மாமியார் பாக்குறா" என்பார். மொத்த மைதானமும் சிரிக்கும். விழுந்தவனும் சிரித்துக்கொண்டேதான் எழுந்திருப்பான்.

இந்த வசந்தத்தில் பிஷ்கேக்கில் அவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தது. குரல் போய்விட்டது. கழுத்தில் ஒரு துளை, அதை மறைத்து ஒரு சின்னத் துணி. இப்போது எதைச் சொல்வதானாலும் கைப்பேசியில் தட்டித் திருப்பிக் காட்டுவார்.

அன்று அவர் மேசைமேல் வைத்தது ஒரு கேமரா மெமரி கார்டு. கைப்பேசியில் தட்டினார். நான் படித்தேன்.

"சிர்காவுக்கு நான் சொன்ன ஆசி இதுல இருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்தது."

சிர்கா அவருடைய ஒரே மகள். அடுத்த வாரம் அவளைத் தலாஸில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் விருந்து எங்கள் மண்டபத்தில்தான். எங்களில் பெண் வண்டி ஏறுவதற்கு முன் அப்பா ஆசி சொல்வார். அவர் கையேந்தினால் எல்லாரும் கையேந்துவோம். கடைசியில் அவர் "ஓமியின்", அதாவது ஆமீன், என்று சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டதும் நாங்களும் சொல்லி முகத்தைத் தடவிக்கொள்வோம். அதற்கு முன்னால் ஏந்தின கையை இறக்கக் கூடாது.

"என் அண்ணன் சொல்றேன்னாரு. சிர்கா ஒத்துக்கல. அப்பா குரல்ல கேக்காம வண்டியில ஏற மாட்டேங்கிறா. பிடிவாதக்காரி" என்று மறுபடி தட்டிக் காட்டினார்.

"யாரு மக?" என்றேன்.

அவர் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். சத்தமில்லாத அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் பழகவில்லை.

கார்டைப் போட்டேன். பழைய கைக்கேமராவில் எடுத்தது. அவருடைய வீட்டு அறை, சுவரில் கம்பளம், முன்னால் அசனாலி, இப்போதைவிடச் சதைப்பிடிப்பாக. கைகளை ஏந்துகிறார். உதடு அசைகிறது. சத்தம் இல்லை. ஒலியைக் கூட்டினேன். வயரைப் பிடுங்கிச் செருகினேன். ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டால் கூரை அதிர்கிறது, இதைப் போட்டால் ஊமைப்படம். படத்தில் இருந்தவர் மும்முரமாக ஆசி சொல்லிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்தவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கித் தெருவில் போடலாம் போல இருந்தது.

அசனாலி கைப்பேசியில் தட்டினார்.

"இவனுக்கும் எனக்கும் ஒரே டாக்டர் போல."

நான் சிரித்துவிட்டேன். சிரித்தபடியே கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கக் குனிந்து வயரைத் தேடினேன். "பைகே, நீங்க போயிட்டு வாங்க. உங்க குரல எடுக்காம நான் விட மாட்டேன்" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது.

எனக்குத் தெரிந்த ஒரே கம்ப்யூட்டர் மூளை என் கொழுந்தன்தான். பிஷ்கேக்கில் மென்பொருள் எழுதுகிறான். புருஷன் வீட்டு ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்களில் வழக்கமில்லை. மருமகள்கள் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொள்வோம். நான் வைத்த பெயர் பட்டணத்துத் துரை. எழுத்தில் சொன்னால் குற்றமில்லை, பெயர் எர்மெக்.

"துரை, ஒரு ஊமைப்படத்துக்கு வாய் வேணும், வா" என்று போன் செய்தேன். வெள்ளிக்கிழமையே வந்துவிட்டான். வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டரைப் பார்த்தான். பார்த்த பார்வை, மருமகள் சமையலை மாமியார் பார்க்கிற பார்வை.

"குரல் ஃபைல்ல பத்திரமா இருக்கு அண்ணி. அந்தக் கேமரா சத்தத்த வேற விதமா மூட்டை கட்டி வச்சிருக்கு. இந்த பிளேயருக்கு அந்த முடிச்ச அவுக்கத் தெரியல. ஓப்பன் சோர்ஸ் பிளேயர் ஒண்ணு போட்டாப் போதும்."

சோவெத் பைகே தேநீர்க் கிண்ணத்தோடு அங்கேதான் உட்கார்ந்திருந்தார். "அப்படின்னா?"

"அது எப்படி எழுதியிருக்காங்கன்னு யாரு வேணும்னாலும் பாக்கலாம் பைகே. திருத்தலாம். அடுத்தவங்களுக்குக் கொடுக்கலாம். காசு கிடையாது."

"காசு இல்லாம எவன் வேலை செய்வான்? ஏதோ உள்குத்து இருக்கு."

"உங்க சமையக்கட்டுக் கதவு ஏன் தொறந்தே கெடக்கு?"

"எந்தச் சம்பந்தி வேணும்னாலும் வந்து, குதிரைக்கறியா மாட்டுக்கறியான்னு எட்டிப் பாத்துக்கட்டும்னுதான். பாத்துட்டா அப்புறம் வாய் தொறக்க மாட்டான்."

"இதுவும் அதான். கதவு தொறந்திருக்கு. உள்ள விளம்பரக்காரிய ஒளிச்சு வைக்க முடியாது."

பைகே தேநீரை ஒரு வாய் குடித்தார். "சரி, போடு" என்றார். விளம்பரக்காரி என்ற சொல் வேலை செய்துவிட்டது.

எர்மெக் மூன்று பிளேயர்களை இறக்கினான். முதலாவதை எல்லாருக்கும் தெரியும். சாலை வேலை நடக்கும் இடத்தில் வைப்பார்களே, அந்த ஆரஞ்சுக் கூம்புதான் அதன் அடையாளம். அசனாலியின் கோப்பைத் திறந்தான். திறந்த உடனே குரல் வந்தது.

"என் மகளே, சிர்கா."

அவ்வளவுதான். சோவெத் பைகே கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையேந்தினார். நானும் ஏந்தினேன். எர்மெக்கின் ஒரு கை தானாக எழுந்தது, மற்றது மவுஸில் இருந்தது. எத்தனை மாதங்கள் கழித்து அந்தக் குரல். கரகரவென்று, சிரிப்பு அடியில் புரள்கிற குரல்.

"சத்தம் வருது" என்று எர்மெக் நிறுத்தினான். "அடுத்தது பாக்கலாம்."

"டேய்" என்றார் பைகே. கை ஏந்தியபடியே இருந்தது. "ஆசியப் பாதியில நிறுத்துற. நான் கையை எங்க வச்சுக்கிறது?"

"இது சோதனைதான் பைகே."

"ஆசியில என்னடா சோதனை? கையேந்தினா ஓமியின் சொல்லித்தான் எறக்கணும்." அவரே "ஓமியின்" என்று சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார். நாங்களும் தடவிக்கொண்டோம். தேநீரை எடுத்தார்.

இரண்டாவது பிளேயர். சாம்பல் நிறத்தில் சின்னதாக, அடக்கமாக இருந்தது. "என் மகளே, சிர்கா." கிண்ணம் கீழே போனது, கை மேலே போனது. எர்மெக் நிறுத்தினான். "ஓமியின்" என்று பைகே முடித்துவைத்தார். மூன்றாவதிலும் இதே கதை. பிறகு முழுத்திரையில் ஒருமுறை, புரொஜெக்டரில் ஒருமுறை, ஒலிபெருக்கியில் ஒருமுறை. தேநீர் ஆறி, மேலே ஆடை படிந்துவிட்டது. கடைசியில் அவர் வாய் பழகிவிட்டது. குரல் எங்கே நின்றாலும் அங்கே ஒரு ஓமியின் வந்து விழுந்தது.

"பைகே, நீங்க கொஞ்சம் வெளிய போய் விருந்துக்குக் கட்டியிருக்கிற ஆட்டப் பாருங்களேன்" என்றேன்.

"ஏன், நான் இருந்தா பிளேயர் ஓடாதா?"

குரல் மூன்றிலும் வந்தது. அப்புறம் எதை வைத்துக்கொள்வது என்பதில்தான் சண்டை. எனக்குக் கூம்பே போதும் என்றிருந்தது. பழகின முகம், பட்டன்கள் பெரிதாக இருக்கும். முடிந்ததும் என்ன ஆகும் என்று ஒரு சின்னக் குதிரைப் படத்தைப் போட்டுப் பார்த்தோம். படம் முடிந்ததும் கறுப்புத் திரையில் ஆரஞ்சுக் கூம்பு வந்து நின்றது.

பைகே முகம் மாறியது. "அப்பன் ஆசி சொல்லி முடிக்கிறான், பின்னாடியே சாலை வேலை நடக்குது, விலகிப் போங்கன்னு வருது. தலாஸ்காரங்க என்ன நினைப்பாங்க?"

"அத மறைச்சிடலாம்" என்றான் எர்மெக்.

"மறைக்கிறதெல்லாம் ஒருநாள் வெளிய வரும். அடுத்தத எடு."

சாம்பல் நிறத்துச் சின்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதை எழுதியவர்கள் எப்போதோ கைகழுவிவிட்டார்கள், இனி ஏதாவது கெட்டால் கேட்க நாதியில்லை என்றான். மிஞ்சியது மூன்றாவது. அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். வெறும் கறுப்புச் சதுரம். பட்டன்கள் என்று பெயருக்கு ஒரு மெல்லிய பட்டை, மவுஸை அசைத்தால் வரும், அசைக்காவிட்டால் போய்விடும். எல்லாம் விசைப்பலகையில்தான். மாற்ற வேண்டியதை ஒரு கோப்பில் வரி வரியாக எழுதிவைக்க வேண்டுமாம்.

"துரை, இத உன்ன மாதிரி ஆளு உன்ன மாதிரி ஆளுக்குன்னே செஞ்சிருக்கான்."

"அண்ணி, உங்களுக்கு வேண்டியது கீபோர்டுல ஒரே ஒரு சாவி. நீளமா இருக்கே, அதத் தட்டினா ஓடும், தட்டினா நிக்கும். மண்டபத்துல வேற என்ன செய்யப் போறீங்க?"

"அது சரி. படம் முடிஞ்சா இது எந்த மூஞ்சியக் காட்டும்?"

"எதையும் காட்டாது, மூடிக்கிட்டுப் போயிடும். பின்னாடி இருக்கிற கம்ப்யூட்டர் திரை தெரியும்."

கம்ப்யூட்டர் திரையில் என் பேத்திக்காக நான் வைத்திருந்த வாத்துப் படம் இருந்தது. பைகே அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"அப்ப என்னதான்டா செய்யும் இந்த பிளேயர்லாம்?" என்றார். "பேச்சு முடிஞ்சா மனுஷன் என்ன செய்வான்? கொஞ்ச நேரம் அங்கயே நிப்பான். மூஞ்சியத் தூக்கிக்கிட்டு ஓட மாட்டான்."

எர்மெக் நிமிர்ந்து உட்கார்ந்தான். "செய்யலாம் பைகே. முடிஞ்சா மூடாதே, கடைசிப் படத்துலயே நில்லுன்னு ஒரு வரி எழுதினாப் போதும்."

எழுதினான். குதிரைப் படத்தைப் போட்டோம். முடிந்தது. கடைசிப் படத்தில் குதிரை தலையைத் திருப்பியபடி அப்படியே நின்றது. நான் நீளச் சாவியைத் தட்டி மூடும்வரை நின்றது. எனக்கே அந்தக் கறுப்புச் சதுரத்தின்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

"இதான்" என்றார் பைகே.

கடைசியாக அசனாலியின் ஆசியை முழுசாக ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று நான்தான் சொன்னேன். விளக்கணைத்தோம். மூவரும் கையேந்தி உட்கார்ந்தோம். நெடுநேரம் பேசினார். சிரிக்க வைத்தார், அழவும் வைத்தார். "வழி நல்லதா இருக்கட்டும், மகளே" என்று சொல்லி நிறுத்தினார். "ஓமியின்" என்றார் சோவெத் பைகே. "ஓமியின்" என்று நாங்களும் சொல்லி, உள்ளங்கையால் கண்ணை மூடி முகத்தைத் தடவிக்கொண்டோம். நான் தலைத்துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நீளச் சாவியைத் தட்டினேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அசனாலிக்குச் செய்தி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. தலாஸ்காரர்கள் பெரிய கூட்டமாகத்தான் வந்திருந்தார்கள். எங்கள் வழக்கப்படி சம்பந்தியம்மா சிர்காவின் காதில் கம்மல் மாட்டினார். இறைச்சி பரிமாறி முடித்து, பாட்டும் ஆட்டமும் ஓய்ந்து, தேநீர் வந்தது. சிர்கா வெள்ளை முக்காட்டில், அப்பா அம்மா எதிரே மண்டபத்தின் நடுவில் நின்றாள். அழவில்லை. அழுகையை எதற்கோ எடுத்துவைத்திருந்தவள் போல உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வெளியே வண்டிகள் எஞ்சினை ஓடவிட்டிருந்தன.

விருந்தை நடத்திவைத்தவர் மைக்கில், "பெண்ணின் அப்பா ஆசி சொல்கிறார்" என்றார். அவ்வளவுதான் சொல்ல வேண்டும் என்று நான் முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தேன். விளக்கு அணைந்தது. நான் சாவியைத் தட்டினேன்.

"என் மகளே, சிர்கா."

மண்டபம் முழுக்க ஒரு மூச்சு உள்ளே போனது கேட்டது. பிறகு முந்நூறு ஜோடிக் கைகள் எழுந்தன. எர்மெக் என் பக்கத்தில் கையேந்தி நின்றான். சமையல்கட்டு வாசலில் சோவெத் பைகே ஏப்ரனோடு கையேந்தி நின்றார். அசனாலி முன்வரிசையில், திரையில் இருந்த தன்னையே பார்த்துக்கொண்டு கையேந்தி உட்கார்ந்திருந்தார்.

"உன் அடுப்பு அணையாம இருக்கட்டும். உன் வாசலுக்கு வந்த குதிரை பசியோட திரும்பாம இருக்கட்டும். மாமியார் பேசினா கேட்டுக்க. உன் அம்மா பேச்ச நான் கேக்கலியா, செத்தா போயிட்டேன்." மண்டபம் கையை இறக்காமலே சிரித்தது. "உன் புருஷன் விழுந்தான்னா தூக்கிவிடு. ஆனா விழுந்தான்னு ஊருக்குச் சொல்லாத. அதுக்கு நான் இருக்கேன். மைக்கும் இருக்கு." இந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. "பிள்ளைங்க பெத்துக்க. சத்தமாப் பேசுற பிள்ளைங்களா பெத்துக்க. வழி நல்லதா இருக்கட்டும், மகளே."

நின்றது.

திரையில் அசனாலி கையேந்தி, உதடு லேசாகப் பிரிந்து, அப்படியே நின்றார். நாங்கள் காத்திருந்தோம். ஓமியின் வரவில்லை. பிளேயர் ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்தேன். சாவி என் முன்னாலேயே இருக்கிறது, என் ரெண்டு கையும் மேலே இருக்கிறது, இறக்க முடியவில்லை.

"துரை" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஹேங் ஆயிருச்சுடா."

"ஹேங் ஆகல அண்ணி. முடிஞ்சிருச்சு. இதுக்கு மேல ஃபைல்ல ஒண்ணும் இல்ல."

"ஓமியின்?"

"இல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு ஒத்திகையில் ஓமியின் சொன்னது திரையில் இருந்தவர் இல்லை. சோவெத் பைகே சொன்னார், நாங்கள் கண்ணை மூடிக்கொண்டோம். அசனாலி வீட்டிலும் இதேதான் நடந்திருக்கிறது என்று சிர்கா பிறகு சொன்னாள். அவள் கேமராவை ஸ்டூலில் வைத்துவிட்டு எதிரே கையேந்தி உட்கார்ந்திருக்கிறாள். கேமராவைப் பார்க்க ஆளில்லை. அப்பா ஓமியின் சொல்லி, இவளும் முகத்தைத் தடவிக்கொண்டு பார்த்தபோது கேமரா சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது. முடிந்த பிறகுதான் அணைந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டாள். அதற்குப் பிறகு அதைப் போட்டுக் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஆசியை வேடிக்கைக்குக் கேட்கக் கூடாது என்று அப்பாவும் சொல்லியிருந்தார்.

சோவெத் பைகேயைப் பார்த்தேன். வாய் திறந்துவிட்டிருந்தது. அந்தப் பழகிப்போன வாய். சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் முன்வரிசையைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். ஆசி சொன்ன மனுஷன் எதிரே உயிரோடு உட்கார்ந்திருக்கும்போது, அதை வேறு யாரும் முடித்துவைக்கக் கூடாது. மௌலவியும் பேசவில்லை. அசனாலியின் அண்ணனும் பேசவில்லை. திரையில் கை ஏந்தியே இருந்ததால் மண்டபத்தில் ஒரு கையும் இறங்கவில்லை.

அசனாலி எழுந்தார்.

ஏந்திய கையை இறக்காமல் நடந்து வந்து மகளின் எதிரே நின்றார். பின்னால் திரையில் அவர், அதே மாதிரிக் கையேந்தி, பெரிதாக. முன்னால் இவர், இளைத்துப்போய், கழுத்தில் துணியோடு. சிர்காவின் முகத்தையே பார்த்தார். உதடு அசைந்தது. கழுத்துத் துணி ஒருமுறை உள்ளே போய் வெளியே வந்தது. சத்தம் என்று எதுவும் இல்லை. ரெண்டு கையாலும் மெதுவாக முகத்தைத் தடவிக்கொண்டார்.

மண்டபம் "ஓமியின்" என்றது. மேசைமேல் கிண்ணங்கள் அதிர்ந்தன. கோக்-போரு மைதானத்தில்கூட நான் அப்படிக் கேட்டதில்லை. நான் வெட்கமில்லாமல் அழுதேன். துரையும் அழுதான், கேட்டால் சமையல்கட்டுப் புகை என்கிறான். சிர்கா முகத்தைத் தடவிய கையை எடுக்காமலே அப்பாவின் தோளில் சாய்ந்தாள். எடுத்துவைத்திருந்த அழுகை எல்லாம் அங்கே வந்தது.

பிறகுதான் என் கை சாவிக்குப் போனது. திரை அணைந்தது.

எர்மெக் ரொம்பச் சங்கடப்பட்டான். "மூடிக்கிட்டுப் போற மாதிரியே விட்டிருக்கலாம் அண்ணி. இப்படி எல்லாரையும் நிக்க வச்சிருச்சு. மாத்திடட்டுமா?"

அந்தப் பக்கமாக வந்த சோவெத் பைகே அதைக் கேட்டுவிட்டார். "கை வச்சே, உனக்குக் கறி கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி கிளம்பும் நேரத்தில் சிர்கா, முக்காடும் புதுக் கம்மலுமாக, பெண்கள் கூட்டத்திலிருந்து நழுவி என் மேசைக்கு வந்தாள். மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

"அத்தை, அப்பா ஆசிய எனக்கு ஒரு பென் டிரைவ்ல போட்டுத் தாங்க."

"தரேன் கண்ணு."

எர்மெக் முந்திக்கொண்டான். "கடைசியில ஓமியின் இல்லாம இருக்கு. மைதானத்துல அவர் பேசினது எதுலயாவது தேடி எடுத்து ஒட்டித் தரட்டுமா? தெரியாத மாதிரி செஞ்சிடலாம்."

"வேணாம். அந்த எடத்துல நான் சொல்லிக்கிறேன்" என்றாள். பிறகு கம்ப்யூட்டரைக் காட்டினாள். "இந்த பிளேயரையும் அதுலயே போட்டுக் கொடுப்பீங்களா? எங்க வீட்டுல இருக்கிறதுல முடிஞ்ச உடனே அப்பா போயிடுவாரு. இதுல நிக்கிறாரு. கொடுக்கலாமா?"

"யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாம்" என்றான் என் துரை. அதற்குமேல் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. அவன் எழுதிய அந்த ஒரு வரியையும் மறக்காமல் சேர்த்து நகலெடுத்தான். அவள் அந்த பென் டிரைவை முக்காட்டின் முனையில் முடிந்துகொண்டு போய் வண்டியில் ஏறினாள்.